டிரங்க் லைனில் தேறாத சொற்கள்

யாருக்குமே தாய்மொழியாக இல்லாத ஒரு மொழியில், இரண்டெழுத்துச் சொல் ஒன்றை இடம் மாற்றச் சொல்லி நான் அமெரிக்காவுக்கு நாலு பக்கம் மனு எழுதியிருக்கிறேன். அப்போது எனக்கு வயது முப்பத்து நான்கு. கல்யாணம் ஆகவில்லை. இந்த இரண்டு விஷயத்துக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டால், என் அம்மா சந்தேகமே இல்லாமல் உண்டு என்பார்.

எண்பதுகளின் கடைசி அது. பினாங்கில், பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு கப்பல் சரக்கு ஏஜென்சியில் நான் டெலெக்ஸ் கிராணி, அதாவது குமாஸ்தா. டெலெக்ஸ் என்பது பெரிய டைப்ரைட்டர் மாதிரி இருக்கும். இங்கே தட்டினால் ஹாம்பர்க்கில் இருக்கிற மெஷின் தானாக அடித்துக்கொள்ளும். ஓடுகிற நிமிடத்துக்குக் காசு. அதனால் 'பிளீஸ்' என்பதற்கு மூன்று எழுத்துக்கு மேல் அடித்தால் மேனேஜர் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று இருமுவார். பத்து வருடம் அவருடைய இருமலில் வாழ்ந்ததில், எனக்குச் சுருக்கமான சொற்கள் மேல் ஒரு பைத்தியம் பிடித்துவிட்டது. வீட்டில் அம்மா, "சாப்பிட வாறியோ?" என்று கேட்டால் "கன்ஃபர்ம்" என்பேன். வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

சௌராஸ்தா மார்க்கெட் மாடியில் பழைய புத்தகக் கடைகள் உண்டு. கீழே மீன், மேலே புத்தகம். அங்கே வாங்கிய ஒரு பழைய கம்ப்யூட்டர் பத்திரிகையின் மூலையில் தீப்பெட்டி அளவுக்கு ஓர் அறிவிப்பு: தர்க்கத்துக்கு இசைந்த ஒரு மொழியைச் செய்துகொண்டிருக்கிறோம், பெயர் லோஜ்பான், சோதித்துப் பார்க்க ஆட்கள் வேண்டும். வேறு எவனாவது பக்கத்தைத் திருப்பியிருப்பான். நான் அன்றைக்கே கடிதம் எழுதினேன்.

ஒரு மாதம் கழித்து தடிமனான கவரில் போட்டோஸ்டாட் கட்டு வந்தது. விஷயம் இதுதான். அந்த மொழியில் ஐந்தெழுத்தில் ஆயிரத்துச் சொச்சம் வேர்ச்சொற்கள். நாய், தண்ணீர், ஓடு, நினை என்று எல்லாம் அதில் அடக்கம். அது ஏறக்குறைய முடிந்துவிட்டது. அவற்றை ஒட்டவைக்கிற குட்டிச் சொற்கள்தான் பாக்கி. இது, அது, நான், நீ, ஆனால், அல்லது, கேள்வி, கோபம், சந்தோஷம் எல்லாவற்றுக்கும் ஒன்றிரண்டு எழுத்தில் ஓர் ஒலி ஒதுக்கவேண்டும். அத்தனை சின்ன ஒலிகள் உலகத்திலேயே கொஞ்சம்தான் இருக்கின்றன. வேலைகளோ வரிசையில் நிற்கின்றன. லிட்டில் இந்தியாவில் தீபாவளிச் சமயம் கடை முகப்பு பிடிக்கிற மாதிரி ஒவ்வோர் ஒலிக்கும் நாலு பேர் போட்டி. அந்தக் குழு ஒரு பட்டியல் போட்டு, படிப்பவர்களிடம் கருத்துக் கேட்டு, திருத்தி, திரும்ப அனுப்பும். ஒரு நாள் குறித்திருந்தார்கள். அன்றைக்குப் பட்டியலை மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு யார் அழுதாலும் ஓர் எழுத்துகூட நகராது.

என் முதல் மனு 'தி, தா, தூ' பற்றியது. தி என்றால் இங்கே இருக்கிற இது. தா என்றால் சற்றுத் தள்ளி இருப்பது. தூ என்றால் தூரத்தில் இருப்பது. எங்கள் வீட்டில் யாழ்ப்பாணத் தமிழ். தாத்தா கிராணி வேலைக்குக் கப்பலேறி வந்தபோது கொண்டுவந்த மூன்று சாமான்களை அம்மா இன்னும் புழங்குகிறார்: இது, உது, அது. என் கையில் இருப்பது இது. உன் பக்கத்தில் இருப்பது உது. இரண்டு பேருக்கும் தூரம் என்றால் அது. அப்படியானால் 'உ' நடுவில் அல்லவா வரவேண்டும்? இந்த அமெரிக்கர்கள் அதைக் கொண்டுபோய்த் தூரத்தில் வைத்திருக்கிறார்களே! எனக்குத் தாங்கவில்லை. எங்கள் சமையலறைக்குப் படம் வரைந்து, அம்மா நிற்குமிடம், நான் நிற்குமிடம், தேங்காய் துருவும் திருவலை இருக்குமிடம் எல்லாம் அம்புக்குறி போட்டு அனுப்பினேன்.

பதில் இரண்டு வரியில் வந்தது. சமையலறைப் படம் எங்கள் எல்லோருக்கும் மிகவும் பிடித்திருந்தது. சொற்கள் இருந்தபடியே இருக்கும்.

அம்மா கேட்டார்: "என்ன மோனே, உதுக்குச் சம்பளம் உண்டோ?"

"இல்லம்மா."

"பென்ஷன்?"

"இல்ல."

"அப்ப அவங்கள் உனக்கு என்னதான் தருவாங்கள்?"

"இன்னொரு லிஸ்ட் அனுப்புவாங்க."

அம்மா அரிசி களையப் போய்விட்டார். பாத்திரச் சத்தத்தில் எல்லாம் இருந்தது.

அந்த நேரத்தில்தான் எனக்குக் கல்யாணப் பேச்சுக்கால் நடந்துகொண்டிருந்தது. நடந்துகொண்டிருந்தது என்று சொல்வதைவிட நின்றுகொண்டிருந்தது என்றால் சரியாக இருக்கும். முதல் பெண் வீட்டார் என் வழுக்கைத் தலையைப் பார்த்துவிட்டு, "அண்ணன் வந்துட்டாரு, மாப்பிள்ளை எங்க?" என்று கேட்டார்கள். எனக்குத் தம்பியே கிடையாது. இரண்டாவது வீட்டார் டத்தோ கிராமாட்டில் நாங்கள் இருந்தது வாடகை வீடு என்று தெரிந்ததும் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள்.

மூன்றாவதாக ஆயர் ஈத்தாமில் ஒரு வீடு. அப்பா ஓய்வு பெற்ற ஆஸ்பத்திரி கிராணி. பெண்ணுக்கு இருபத்தொன்பது வயது, டெலிபோன் எக்சேஞ்சில் வெளியூர்க் கால்களை இணைக்கிற டிரங்க் ஆபரேட்டர். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம். பதில் சொல்வதற்கு முன்னால் பெண் வீட்டிலிருந்து ஒருவர் சத்தமில்லாமல் வந்து மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்துவிட்டுப் போவார். அக்கம்பக்கம், ஆபீஸ், கோயில் என்று ஒரு சுற்று. இந்த வீட்டில் அந்தப் பொறுப்பு பெண்ணின் தாய்மாமாவுக்கு. அவர் முப்பது வருடம் தபால் நிலையத்தில் சூப்பர்வைசராக இருந்தவர். அக்கம்பக்கத்தில் கேட்பதெல்லாம் அவருடைய தகுதிக்குக் குறைவு. நேராக எங்கள் வட்டாரத் தபால்காரரைப் பிடித்துக் கோப்பிக்கடையில் உட்காரவைத்துவிட்டார். தபால்காரர் அவரிடம் வேலை பழகியவர்.

"கெட்ட பழக்கம் ஏதாச்சும்?"

"அதெல்லாம் தெரியாது சார். ஆனா அமெரிக்காவுலேர்ந்து தடியா கவர் வருது. மாசத்துக்கு ஒண்ணாவது வந்துடும்லா. அவரும் தடியா அனுப்புறாரு."

"எத்தனை நாளா?"

"ஒரு வருசம் இருக்கும்."

மாமாவுக்கு அது போதும். மாப்பிள்ளை அமெரிக்கா போகிறார், பேப்பர் வேலை நடந்துகொண்டிருக்கிறது. அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் என் அம்மாவை இரண்டு பேர் கட்டிப்பிடித்து வாழ்த்தினார்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மா செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நீ அமெரிக்கா போறியாம்! எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை!"

"யாரும்மா சொன்னது?"

"எல்லாரும் சொல்லினம். பொம்பிளை வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கினம். கேசரி எல்லாம் செய்யினமாம்."

இங்கேதான் ஒரு நல்ல மனுஷன், "அம்மா, அது லோஜ்பான் லிஸ்ட்" என்று சொல்லியிருப்பான். நான் "பார்ப்போம்" என்றேன். பொய் சொன்னேன் என்று யாரும் என்மீது வழக்குப் போடமுடியாது. பத்து வருடத்து டெலெக்ஸ் பழக்கம். தேவையில்லாத சொல்லை வெட்டிவிட்டேன், அவ்வளவுதான். வெட்டப்பட்ட சொல் உண்மையாகப் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை போனோம். கேசரியில் முந்திரிப்பருப்பு தாராளமாக இருந்தது. முந்தைய இரண்டு வீடுகளில் எனக்கு பிஸ்கட்டுதான் கிடைத்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

"அங்க எந்த டிபார்ட்மெண்ட் தம்பி?" என்று பெண்ணின் அப்பா ஆரம்பித்தார்.

"ஒரு கமிட்டி மாதிரி, அங்கிள். அவங்க அனுப்புறதை நான் ரிவ்யூ பண்றேன்."

"பினாங்குல எத்தனை பேரு அந்த வேலையில?"

"நான் ஒருத்தன்தான்."

"ஒரே ஆளா!" அவர் மச்சானைப் பார்த்தார். தபால் மாமா, தானே என்னை அந்தப் பதவியில் அமர்த்தியதுபோலத் தலையை ஆட்டினார்.

"டாலர்லதானே சம்பளம்?"

"இப்போதைக்கு ஆனரரி."

"பாத்தீங்களா மச்சான், பெரிய போஸ்ட் எல்லாம் ஆனரரிதான்லா," என்றார் மாமா.

ஒரு சொல்கூடப் பொய் இல்லை. தர்க்கத்துக்கு இசைந்த மொழியைப் படித்தவன் இப்படித்தான் பேசுவான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். முதுகில் வியர்வை ஓடியது.

பெண் காப்பித் தட்டோடு வந்தாள். கொடுத்துவிட்டு உள்ளே போயிருக்கவேண்டும். போகவில்லை.

"ரிவ்யூன்னா என்ன பாப்பீங்க?"

"சின்னச் சின்னச் சொல்லுங்க. எது எதுகூட குழம்பும்னு பாக்கணும்."

அவள் தட்டை மேசையில் வைத்தாள். "நேர்லயா, லைன்லயா?"

எனக்குப் புரை ஏறியது. ஒரு வருடமாக நான் இந்த மொழியைப் பற்றி ஆபீசில், கோப்பிக்கடையில், பஸ்சில் எல்லாம் பேசியிருக்கிறேன். ஒருவர்கூட உருப்படியாக ஒரு கேள்வி கேட்டதில்லை.

"நேர்ல எல்லாமே நல்லாத்தான் கேக்கும்," என்றாள். "கோத்தா பாருல மழை பெய்யும்போது லைன்ல கேட்டுப் பாருங்க. அப்பத்தான் தெரியும். நம்பர் இருக்கா அதுல? சொல்லுங்க."

பெண் பார்க்கப் போன இடத்தில், இரண்டு குடும்பத்துக்கு நடுவில், நான் நிமிர்ந்து உட்கார்ந்து ஒன்றிலிருந்து ஒன்பது வரை சொன்னேன். "பா, ரே, ஷி, வோ, மு, ஹா, ஸே, பி, ஸோ." அவளுடைய அப்பா என்ன நினைத்தாரோ, பயபக்தியோடு கண்ணை மூடிக்கொண்டார். என் அம்மா தரையைப் பார்த்தார்.

"ரெண்டும் ஏழும் லைன்ல ஒண்ணாயிரும்," என்றாள் அவள். "ரே, ஸே. பாதி சத்தம் அடிபட்டுச்சுன்னா 'ஏ' மட்டும்தான் மிஞ்சும். தப்பான வீட்டுக்குப் போன் போகும், திட்டு எங்களுக்கு விழும்."

இரண்டு வீட்டுக்கும் திருப்தி. மோதிரம் மாற்ற நாள் பார்க்கலாம் என்று முடிவானது. நான் வீடு திரும்பும்போது ரே, ஸே பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அமெரிக்கா விஷயம் நினைவுக்கு வந்தபோதெல்லாம் 'பார்ப்போம்' என்று அதைத் தள்ளிவைத்தேன்.

மறுநாளே ஆபீசிலிருந்து டிரங்க் எக்சேஞ்சுக்குப் போன் போட்டேன். "டிரங்க்ஸ், நம்பர் பிளீஸ்" என்று ஒரு குரல். அவளில்லை. வைத்துவிட்டேன். இன்னொரு குரல். வைத்துவிட்டேன். மூன்றாவது குரல், "சார், நீங்க காலைலேர்ந்து ரெண்டு தடவை வச்சிட்டீங்க" என்றது. நாலாவது தடவைதான் அவள். பேச்சு சுருக்கமாக இருந்தது.

"சூப்பர்வைசர் எப்ப வேணும்னாலும் லைன்ல வந்து கேப்பாங்க. சொந்தப் பேச்சு பேசக்கூடாது. லைன் டெஸ்ட்னு சொல்லுங்க. ரெண்டு மணிக்கு மேல கூப்பிடுங்க, அப்ப கூட்டம் இருக்காது. பத்துச் சொல்லு. அதுக்கு மேல வேணாம்."

அப்படித்தான், வாரத்துக்கு இரண்டு தடவையாக, மூன்று வாரம் நடந்தது. நான் பத்துச் சொல் வாசிப்பேன். காதில் விழுந்ததை அவள் திருப்பிச் சொல்வாள். நான் வாசித்ததும் அவள் சொன்னதும் எங்கே பிரிகிறதோ அங்கே சிவப்பு மையில் கோடு போடுவேன். முடிந்ததும் "தேங்க்யூ, சார்" என்று வெட்டிவிடுவாள். எங்களுக்கு அனுமதிக்கப்பட்ட ஒரே கொஞ்சல் "ரிப்பீட் பிளீஸ்" மட்டும்தான். அவள் அதைச் சொல்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி. சில சொற்களை வேண்டுமென்றே முணுமுணுத்திருக்கிறேன் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். ஆராய்ச்சியில் அது மோசடி.

மேனேஜர் இதைப் பார்த்துவிட்டு, கம்பெனிக்காக நான் டிரங்க் லைனைச் சோதிக்கிறேன் என்று நினைத்து, எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினார். 'பார்ப்போம்' சொன்ன அதே வாயால் "தேங்க்யூ, பாஸ்" என்றேன்.

ஒரு நாள் நான் சொல்லின் அர்த்தத்தைச் சொல்லப் போனேன். தடுத்துவிட்டாள். "அர்த்தம் வேணாம். அர்த்தம் தெரிஞ்சா காது பொய் சொல்லும். என்ன வரும்னு அதுவே முடிவு பண்ணிக்கும்." அதனால் நான் 'இயூ' என்று வாசித்தபோது, அது அந்த மொழியில் அன்பைச் சொல்கிற சொல் என்று அவளுக்குத் தெரியாது. மரியாதையைச் சொல்கிற 'இயோ'வும் அதுவும் லைனில் ஒன்றாகக் கேட்கின்றன, இரண்டையும் குப்பையில் போடுங்கள் என்றாள். நான் கோடு போட்டுக்கொண்டேன்.

அறுபது சொல் முடிந்தபோது பட்டியலை மூடுவதற்கு மூன்று வாரம்தான் இருந்தது. எல்லாவற்றையும் அவசரமாக டைப் செய்து, எந்தெந்த ஜோடி தேறவில்லை என்று அட்டவணை போட்டு, கீழே 'பினாங்கு ஆய்வுப் பிரிவு' என்று கம்பீரமாக அடித்து, கையெழுத்துப் போட்டு, வான்தபாலில் அனுப்பினேன். அந்த ஆய்வுப் பிரிவில் காது இன்னொருவருடையது என்று நான் எழுதவில்லை. மறந்துபோனேன் என்றுதான் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அனுப்பி இரண்டு நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை, பத்துச் சொல் முடிந்த பிறகு அவள் வழக்கம்போல உடனே லைனை வெட்டவில்லை.

"நாளைக்கு லெட்டர் குடுக்கப் போறேன்."

"என்ன லெட்டர்?"

"ரிசைன் பண்றதுக்கு. ஒரு மாச நோட்டீஸ் குடுக்கணும்ல. அமெரிக்கா போறவளுக்கு எக்சேஞ்ச் எதுக்குன்னு அப்பா சொல்லிட்டாரு. தேங்க்யூ, சார்."

லைன் போய்விட்டது. நான் ரிசீவரைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். பரீட்சை எழுதிக் கிடைத்த கவர்ன்மெண்ட் வேலை. ஒன்பது வருட சர்வீஸ். அதை அவள், போட்டோஸ்டாட் கட்டு வருகிற ஒரு முகவரிக்காக எழுதிக்கொடுக்கப் போகிறாள். கேசரி சாப்பிட்டது நான்.

அன்றைக்கே அவள் வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். என் கப்சாய் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆயர் ஈத்தாம் ரவுண்டபவுட் வரைக்கும் போனேன். இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். தைரியம் அந்த அளவுக்குத்தான் பெட்ரோல் போட்டிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணியிலிருந்து போன் போட்டேன். வேறு குரல்கள். பத்தரை மணிக்கு அவள் கிடைத்தாள்.

"டிரங்க்ஸ், நம்பர் பிளீஸ்."

"நான்தான். லெட்டர் குடுத்தாச்சா?"

"சார், இது லைன் டெஸ்ட் டைம் இல்லை."

"குடுத்தாச்சா?"

"காலைலயே சூப்பர்வைசர் டிரேல வச்சாச்சு. நம்பர் பிளீஸ்."

"நான் அமெரிக்கா போகல."

கேட்கவில்லையோ என்ற பதற்றத்தில் இங்கிலீஷில் சொன்னேன். அப்புறம் என்ன தோன்றியதோ மலாயிலும் சொன்னேன், "சாயா தாக் பெர்கி அமெரிக்கா." எனக்கு நாலாவதாகத் தெரிந்த மொழியில் சொல்ல வழியில்லை. அதற்கு இன்னும் பட்டியல் முடியவில்லை.

"ரிப்பீட் பிளீஸ்," என்றாள்.

"போகல. எப்பவுமே போறதா இல்ல. அது வேலை இல்ல. சும்மா ஒரு பாஷை. விசாவும் இல்ல, ஒண்ணும் இல்ல."

லைனில் இன்னொருவர் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல், எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல்: "தேங்க்யூ, சார்."

சாயங்காலம், வீட்டில் இருந்த அத்தனை கவர்களையும் லிஸ்ட்டுகளையும் ஒரு பிஸ்கட் டின்னில் அமுக்கி, கப்சாயில் ஆயர் ஈத்தாமுக்குப் போனேன். இந்தத் தடவை ரவுண்டபவுட்டில் சுற்றவில்லை. அவளுடைய அப்பாவும் தபால் மாமாவும் கூடத்தில் இருந்தார்கள். அவள் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. நான் டின்னைத் திறந்து எல்லாவற்றையும் மேசையில் பரப்பினேன். முதலிலிருந்து சொன்னேன். குட்டிச் சொற்கள், பட்டியல், ஆனரரி, பார்ப்போம்.

அப்பா ஒரு லிஸ்ட்டை எடுத்துத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். மாமா காகிதங்களைத் தொடவே இல்லை. கவர்களை எடுத்தார். ஒன்று. இரண்டு. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி மூன்றாவதைப் பார்த்தார். அவர் முகம் கறுத்தது.

"பிரிண்டட் மேட்டர்," என்றார்.

"என்ன மச்சான்?"

"பிரிண்டட் மேட்டர்னு முத்திரை போட்டிருக்கான்! எல்லாத்துலயும்! புத்தகம், நோட்டீஸ் அனுப்புற ரேட்டு இது. எந்த கவர்மெண்ட்டுலா விசா பேப்பரை இந்த ரேட்டுல அனுப்பும்?" அவர் கவரை மேசையில் அடித்தார். "கவரைக் கண்ணால பாக்காம தபால்காரன் வாயை நம்பினேன் பாரு. முப்பது வருசம்! முப்பது வருசம் சூப்பர்வைசர்!"

என்னைத் திட்டவேண்டிய மனிதர் தன்னையே திட்டிக்கொண்டிருந்தார். நான் ஆறுதலாக, "நீங்க என்ன பண்ணுவீங்க மாமா, தபால்காரரும்…" என்று ஆரம்பித்தேன்.

"நீ பேசாதே தம்பி," என்றார்.

அப்பா லிஸ்ட்டைக் கீழே வைத்தார். "அப்ப பிள்ளை இங்கேயேதான் இருக்குமா?"

"ஆமா அங்கிள்."

அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து மூச்சு விட்டார். "ஒரே மக. விமானம் ஏத்தி விட்டுட்டு நாங்க என்னத்தப் பண்றதுன்னு மூணு வாரமா சோறு இறங்கல எனக்கு."

உள்ளேயிருந்து பெண்ணின் அம்மா: "மூணு வாரமா ரெண்டாந்தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டது யாராம்?"

"கவலையில சாப்பிட்டேன்லா!" என்று அப்பா கத்தினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "சந்தோஷம்தான். ஆனா நீ செஞ்சது சரியில்ல. பொய் சொன்னாலாவது நாங்க கண்டுபிடிச்சிருப்போம். நீ பேசாம இருந்துட்டே. இனிமே இதுல எனக்குப் பேச்சு இல்ல. அவ வந்து சொல்லட்டும்."

ஆறு மணிக்கு மேல் பஸ்சிலிருந்து இறங்கி வந்தாள். என்னைப் பார்த்தாள், மேசையைப் பார்த்தாள். கைப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்து அப்பாவிடம் கொடுத்தாள். அவளுடைய ராஜினாமாக் கடிதம்.

"சூப்பர்வைசர் திருப்பிக் குடுத்துட்டாங்க. பத்தரை மணி கால் முழுக்க அவங்க லைன்ல இருந்தாங்க. 'இந்த ஆள் மூணு பாஷைல போகலன்னு சொல்றான், நீ ஏன் போறே?'ன்னு கேட்டாங்க. இப்ப எக்சேஞ்ச் பூரா தெரியும்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

"அந்த பாஷையை எத்தனை பேர் பேசுறாங்க?"

"சரளமாவா? இன்னும் யாரும் இல்ல."

"அப்ப மூணு வாரம் நான் யாருக்காகக் கேட்டேன்?"

கேட்டுவிட்டு அவள் மேசையில் கிடந்த காகிதங்களைக் கிளறினாள். நான் அனுப்பிய அட்டவணையின் கார்பன் நகல் அதில் இருந்தது. நின்றபடியே முழுக்கப் படித்தாள். ரே, ஸே. இயூ, இயோ. தேறாத ஜோடிகள் எல்லாம். கடைசிப் பக்கத்துக்கு வந்தாள்.

"'பினாங்கு ஆய்வுப் பிரிவு.' உங்க கையெழுத்து இருக்கு. என் பேர் எங்க?"

அமெரிக்கா இல்லை என்றபோது வராத கோபம் அப்போதுதான் அவள் முகத்தில் வந்தது. "போகலன்னு சொல்றதுக்கு உங்களுக்கு வாய் வரல, சரி, பயம். இதுக்கு என்ன பயம்? ஒரு வரி. நாள் பூரா யாரோ ரெண்டு பேர் பேசுறதுக்கு நடுவுல உட்காந்திருக்கேன், ஒருத்தருக்கும் என் பேர் தெரியாது. இதுலயாவது இருக்கும்னு நெனச்சேன்."

"திருப்பி எழுதுறேன். உன் பேரை முதல்ல போட்டு எழுதுறேன்."

"எழுதுங்க. என் விலாசத்தையும் போடுங்க. பதில் எனக்கு வரணும். அது வர்ற வரைக்கும் லைன் டெஸ்ட் கிடையாது. கல்யாணப் பேச்சும் கிடையாது."

மறுநாள் எழுதினேன். வாழ்க்கையில் நான் எழுதியதிலேயே மிகச் சுருக்கமான கடிதம் அது. கேட்டது முழுக்க இந்தப் பெண், நான் வாசித்தது மட்டும்தான், முந்தைய அட்டவணையில் பெயர் இல்லாதது என் தவறு. தபால் மாமாவே அதை எடை போட்டு, ரேட்டுச் சொல்லி, பெட்டியில் போட்டார். என்னை நம்பவில்லை.

ஐந்து வாரம் ஆனது. நடுவில் கம்பெனி வேலையாக டிரங்க் கால் போட்டால் சில நாள் அவளே எடுப்பாள். "நம்பர் பிளீஸ்." போர்ட் கிள்ளான் நம்பரைச் சொல்வேன். இணைத்துவிட்டுப் போய்விடுவாள். நான் எவ்வளவு முணுமுணுத்தாலும் அவளுக்கு முதல் தடவையே தெளிவாகக் கேட்டது. வீட்டில் அம்மா என்னோடு பேசுவதைப் பாதியாகக் குறைத்துவிட்டார். "உதுதான் உனக்குச் சரி," என்று லிஸ்ட்டைக் காட்டி மட்டும் சொல்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லி ஆள் வந்தது. போனேன். கேசரி இல்லை. மேசையில் அமெரிக்காவிலிருந்து வந்த கடிதம் இருந்தது. அவள் பெயருக்கு வந்தது. கூடவே முழுப் பட்டியலும் இருந்தது.

"படிக்கிறேன், கேளுங்க," என்றாள். என் முன்னைய மனுக்கள் ஒன்றும் ஏற்கப்படவில்லை என்று முதல் பத்தி. எண்களை இனி மாற்ற முடியாது, வெகுநாளாகப் பழக்கத்தில் வந்துவிட்டன என்று இரண்டாவது பத்தி. பட்டியல் மூடுகிற நாளைக் கொஞ்சம் தள்ளிப்போட்டிருக்கிறார்களாம். மூன்றாவது பத்தியை அவள் மெதுவாகப் படித்தாள். காதையே தொழிலாக வைத்திருக்கிற ஒருவர் இந்தச் சொற்களைக் கேட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. மிச்சமுள்ள சொற்களையும் நீங்கள் கேட்டுச் சொல்ல முடியுமா? அதில் 'நீங்கள்' என்பது அவள் மட்டும்தான். என்னைப் பற்றி அந்தக் கடிதத்தில் வேறு ஒரு பேச்சும் இல்லை.

"என்ன முடிவு பண்ணியிருக்கே?" என்று அவளுடைய அப்பா கேட்டார். கடிதத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை.

அவள் பட்டியலைப் புரட்டினாள். "எழுபதுதான் முடிஞ்சிருக்கு. இன்னும் நூத்துக்கணக்குல இருக்கு. யாராவது வாசிக்கணும்பா."

"வாசிக்கிறதுக்கா கல்யாணம்?"

"தினமும் ஆபீஸ் லைன்ல வாசிக்க முடியுமா? சூப்பர்வைசர் ஏற்கெனவே சிரிக்கிறாங்க. வீட்டுலதான் ஆள் வேணும்."

"வாசிக்கிறதுக்கு வேற நல்ல குரலா பாக்கலாமே," என்றார் மாமா. அவருக்கு இன்னும் ஆறவில்லை.

"நல்ல குரல் ஆகாது மாமா. நல்ல குரல்ல எல்லாமே தெளிவா கேட்டுரும். இவர் குரல்தான் சரி. பாதி முழுங்கிருவாரு. இவர் சொல்லித் தேறிச்சுன்னா கோத்தா பாரு மழையிலயும் தேறும்."

அப்பா என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஏதாவது சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

"இனிமே பார்ப்போம்னு சொன்னீங்கன்னா, அதோட முடிஞ்சுது," என்றாள்.

"சொல்லமாட்டேன்."

மாமா பஞ்சாங்கம் எடுக்க எழுந்தார். அவள் ஒரு பென்சிலையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"ம், வாசிங்க. பத்துச் சொல்லு."

நான் சாத்திய கதவைப் பார்த்து வாசிக்க ஆரம்பித்தேன். அவளுடைய அப்பா மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.